விரற்கடை வெள்ளை

நான்காம் கட்டத்தில் எல்வுட் படிக்கட்டின் உச்சியில்.
ஐந்தாம் கட்டத்தில் கீழே, நிலவறை நாட்டின் வாசலில்.
நடுவே ஒரு விரற்கடை வெள்ளை.

வரைந்தவர் எண்பது வருடங்களுக்கு முன்பு
ஓஹையோவில் ஏதோ ஒரு பத்திரிகை அலுவலகத்தில்
அந்த வெள்ளையைத் தாண்டிப் போய்விட்டார்.
வாசித்தவர்களும் தாண்டினார்கள்,
ஞாயிற்றுக்கிழமைக் காப்பி ஆறுவதற்குள்.
தாண்ட முடியாதவள் நான் மட்டும்தான்.
அதற்குத்தான் எனக்குக் கூலி:
தாள் ஒன்றுக்கு நூற்றைம்பது யென்.

ஓகிகுபோ, இரண்டாம் மாடி,
கீழே சலவைக்கடை.
நீராவி தரை வழியே ஏறி வந்து
தாள்களின் ஓரத்தைச் சுருட்டும்.
அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில்
முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வைத்து
இடையில் இருப்பவனைத் தேடுவேன்.
விரலிடுக்குகளில் ஐந்து தாள்களைக் கோத்து
புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன்:
எல்வுட் இறங்குவான், ஏறுவான், இறங்குவான்,
எங்கும் போய்ச் சேர மாட்டான்.

பக்கத்து மேசை நகாதோமி
ஒரு டிராகனின் இடது இறக்கையை
நான்கு மாதமாக வரைந்துகொண்டிருந்தான்.
வலது இறக்கை யாரிடம் என்று அவனுக்குத் தெரியாது.
கதை அமெரிக்காவில் ஆறாவது முறையாக
மாறிக்கொண்டிருந்தது.
டிராகன் இன்னும் அதில் இருக்கிறதா என்று
கேட்க அவனுக்குப் பயம்.

சிக்கல் இதுதான்.
ஐந்தாம் கட்டத்தில் எல்வுடின் வலது காலில்
ஷூ இல்லை.

நகலின் நகலின் நகல் அது.
அச்சுத்தகடு தேய்ந்திருக்கலாம்.
மை தொடாமல் விட்டிருக்கலாம்.
அல்லது இறங்கும் வழியில் நிஜமாகவே
எங்கோ கழன்று விழுந்திருக்கலாம்.
மேற்பார்வையாளர் ஹனவா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.
கலிபோர்னியாவுக்கு டெலக்ஸ் போனது:
'பையனின் ஷூ எங்கே?'

பதில் வர மூன்று வாரம்.
நான் காத்திருக்கவில்லை.
பதினாறு தாள்களில் அதைக் கழற்றினேன்.
ஏழாவதில் குதிகால் நழுவுகிறது,
ஒன்பதில் காற்றில் ஷூ, வாய் திறந்தபடி,
பதினொன்றில் அவன் திரும்பிப் பார்க்கிறான்.
பன்னிரண்டிலும் பார்க்கிறான்.
பதின்மூன்றிலும்.
யாரும் கேட்காத அந்தப் பார்வைக்காக
இரண்டு இரவு கடைசி ரயிலை விட்டேன்,
மேசைக்கடியில் அட்டைப்பெட்டிகள்மேல் தூங்கினேன்.
கனவில் படிக்கட்டு எதுவும் வரவில்லை.
சலவைக்கடையில் வாங்க மறந்த
என் பாவாடைதான் வந்தது.

பதில்: 'தெரியாது. இரண்டு ஷூவும் இருக்கட்டும்.
பொம்மைக் கம்பெனி இரண்டு காலுக்கும் அச்சு செய்துவிட்டது.'

ஹனவா தாள்களைத் திருப்பி வைத்தார்.
'நல்லாத்தான் இருக்கு, குராமோச்சி' என்றார்.
அதைவிட மோசமான வார்த்தை அவரிடம் இல்லை.

அழித்தேன். மடியெங்கும் ரப்பர் துகள்.
தூங்கும் குழந்தைக்குப் போடுவதுபோல்
காலைத் தூக்கிப் பிடித்து ஷூவை மாட்டினேன்.
கழுத்தை முன்னால் திருப்பினேன்.
நாடாவை மட்டும் கட்டவில்லை.
முடிச்சைப் பற்றி டெலக்ஸில் ஒன்றுமில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஜூலை, மதியக் காட்சி.
எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர்.
டிராகன் வரவில்லை.
வராது என்று தெரிந்த பிறகும்
நகாதோமி எழுந்து போகவில்லை,
இருட்டில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டு வந்தது.
ஒரு நெடிலைச் சொல்லி முடிக்கும் நேரம்.
எல்வுட் தடதடவென்று இறங்கினான்,
எலிவால்போல் நாடா ஒரு பக்கம் துள்ளியது.
முன்வரிசைச் சிறுவன் கொட்டாவி விட்டான்.

நான் குனிந்தேன்.
கை என் ஷூவைத் தடவிப் பார்த்தது.
கட்டித்தான் இருந்தது.
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.
நிமிர்ந்தபோது அவன் வேறெங்கோ,
நான் வரையாத ஒரு அரசனோடு
கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.